மேற்கு வெயில்

ஏப்ரல் 9, புதன்

நாலு மணிக்குப் பின்கதவைத் திறந்தேன். உடனே மூடினேன். அதற்குள் முழங்கைக்குக் கீழே சுள்ளென்றது. வெள்ளை டைல்ஸில் விழுந்த வெயில் எகிறி சமையலறை சீலிங் வரைக்கும் வந்து ஆடுகிறது.

கன்னம்: லேசான சிவப்பு. மூக்கின் மேல் இல்லை.

வெயில் எனக்கு ஆகாது, துணி காயப்போட அத்தைதான் போகிறார். அவர் வயசுக்கு. நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கிளிப் எங்கே கிடக்கிறது என்று சொல்கிறேன்.

ராத்திரி சாப்பிடும்போது என் வீட்டுக்காரர் சொன்னார்: "பின்னாடி ஷீட் போட்டரலாம். ஒரே நாள் வேலை."

நான் பேசவில்லை. ஷீட் போட்டால் நிழல் வரும், ஆகாசம் போய்விடும். பகல் என்னுடையது இல்லை என்றாகிவிட்டது. ராத்திரி பின்பக்கம் போய் மல்லாந்து படுத்தால்தான் எனக்கு மூச்சே வருகிறது. மூடினால் மூடினதுதான்.

ஏப்ரல் 11, வெள்ளி

பங்குனி உத்திரம். அவரும் அத்தையும் மருதமலைக்குப் போனார்கள். விடியும் முன்னே போகலாம், நீயும் வா என்றார். போகும்போது சரி, திரும்பும்போது வெயில் ஏறியிருக்கும். வரவில்லை என்றேன். விபூதி கொண்டுவந்து நெற்றியில் வைத்தார் அத்தை. வைத்த இடம் குளிர்ச்சியாக இருந்தது.

ஜாக்கெட் தைத்தேன். கல்யாண சீசன். ட்யூப் லைட் வெளிச்சத்தில் அரக்குக்கும் மெரூனுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. கண் எரிகிறது.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை 1. கொழுந்தனார் வீட்டிலிருந்து எல்லோரும் வந்தார்கள். மாங்காய்ப் பச்சடி, பாயசம். ஐந்தரைக்கு மேல் எல்லோரும் பின்பக்கம் பாயை விரித்தார்கள். எனக்குச் சிரிப்புச் சத்தம் மட்டும். கண்ணாடி ஒரு வகைக் கதிரைத்தான் தடுக்கும், இன்னொன்று ஊடுருவி வரும் என்று டாக்டரம்மா சொன்னதிலிருந்து ஜன்னலுக்குத் திரையும் போட்டாயிற்று. திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து தம்ளர்களைத் துடைத்தேன்.

"எங்க மாடில ஷீட் போட்டமே, நல்லாத்தான இருக்கு" என்று கொழுந்தனார் அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் மனைவி சமையலறைக்கு வந்து என் காதோடு சொன்னாள்: "அக்கா, மத்தியானம் அதுக்கடில நிக்கவே முடியாது. காந்தும்."

இருட்டினதும் நானும் போய் உட்கார்ந்தேன். அதற்குள் அவர்களுக்குக் கிளம்பும் நேரம்.

ஏப்ரல் 15, செவ்வாய்

மகள் பாப்பா போனில் ஒன்று காட்டினாள். சுவரிலிருந்து துணி தானாக நீண்டு வருகிறது. பட்டனை அழுத்தினால் திரும்ப உள்ளே போய்விடுகிறது. ஆனிங். வெளியூர் ஹோட்டல் வாசலில் பார்த்திருக்கிறேன், வீட்டுக்குப் போடுவார்கள் என்று தெரியாது.

திரும்பத் திரும்பப் பார்த்தேன். நீள்வது பெரிதில்லை. உள்ளே போகிறதே, அது.

ஏப்ரல் 17, வியாழன்

சூரியன் இறங்கினதும் அவினாசி ரோட்டு ஷோரூமுக்குப் போனோம். அவருக்கு அரை மனசு.

துணியைத் தொட்டதும் எனக்குத் தெம்பு வந்துவிட்டது. இது எனக்குத் தெரிந்த விஷயம். இரண்டு வகை காட்டினார்கள். ஒன்று பாலியெஸ்டர் மேல் பிளாஸ்டிக் பூச்சு. தண்ணீர் இறங்காது, ஆனால் காற்றும் போகாது, சூடு கீழேயே தங்கும். இன்னொன்று அக்ரிலிக், சதுர மீட்டருக்கு 300 கிராம். இழை ஆகும் முன்பே கரைசலில் நிறத்தைக் கலந்துவிடுகிறார்கள். ஓரத்தில் ஒரு நூலை உருவி நகத்தால் பிரித்துப் பார்த்தேன். உள்ளேயும் அதே நிறம். அப்பா பீளமேட்டு மில்லில் இருந்தபோது 'டோப் டை' என்று சொல்வார். சாயத் தொட்டியில் முக்கினது வெளுக்கும், இது லேசில் வெளுக்காது. அப்பா இருந்திருந்தால் இந்தச் சாம்பிள் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு எழுந்திருக்கவே மாட்டார்.

தைத்த நூல் என்ன என்று கேட்டேன். கடைப் பையனுக்குத் தெரியவில்லை. போன் போட்டுக் கேட்டான். பாலியெஸ்டர் நூலாம். துணி தாங்கும், தையல் விடும், வெயிலில் முதலில் இற்றுப்போவது நூல்தான். பி.டி.எஃப்.இ. நூலில் தைத்துத் தர முடியும், கூடுதல் காசு என்றார்கள். அதுதான் வேண்டும் என்றேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் கடையில் குரல் உயர்த்தி நாளாகிவிட்டது.

பெட்டியிலும் வகை இருக்கிறது. துணி, மடங்கும் கைகள் எல்லாம் அலுமினியப் பெட்டிக்குள் முழுக்க மறைந்துவிடுவது ஒன்று. பாதி மூடியது ஒன்று. திறந்தே கிடப்பது ஒன்று, அதுதான் மலிவு. நமக்குப் பக்கத்து சைட் காலி, புழுதி. புறா வேறு.

வரும் வழியெல்லாம் அவர் பேசவில்லை. நானும்.

ஏப்ரல் 19, சனி

அளவெடுக்க ஒரு தம்பி வந்தான். நாலு மணிக்கு வரச் சொன்னது நான்தான். வெயில் இருக்கும்போது பார்த்தால்தான் தெரியும்.

சுவரைச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனான். "இங்க செங்கல்லுங்க்கா. இது புடிக்காது. பத்தடி நீட்டினா மேல் போல்ட்டைத்தான் இழுக்கும். கான்கிரீட் பீம்ல அடிக்கோணும்." கதவுக்கு மேலே சன்ஷேடு இரண்டடி வெளியே நிற்கிறது, அதற்கு மேலே ஒன்பதரை அடி உயரத்தில் பீம் வருகிறது, அங்கே மாட்டலாம் என்றான். மழைத் தண்ணீர் வழிய 14 டிகிரியாவது சாய்வு வேண்டுமாம், இல்லாவிட்டால் நடுவில் குளம் கட்டித் துணி தொங்கிவிடும். அப்படிச் சாய்த்தால் முன்பக்கம் ஏழடி.

அகலம் 14 அடி. நீளம் 10 அடி. இரண்டு கைகளும் மடங்கிப் பெட்டிக்குள் அடுத்தடுத்துப் படுக்க வேண்டும், அதனால் நீட்டுவதைவிட அகலம் கூட இருந்தே ஆக வேண்டுமாம்.

எல்லாம் எழுதிக்கொண்டு கிளம்புகிறவன் வாசலில் நின்றான். "அக்கா, ஒண்ணு சொல்றனுங்க. மேக்கால பாத்த எடம். மூணு மணி வரைக்கும்தான் மேல இருக்கற துணி வேலை செய்யும். அப்பறம் வெயில் குனிஞ்சு உள்ள வந்துரும். முன்னாடி தொங்கற துணி ஒண்ணு வேணும். நான் விக்கறதுக்குச் சொல்லலீங்."

ஷோரூமில் யாரும் சொல்லவில்லை.

ஏப்ரல் 20, ஞாயிறு

சோதித்துப் பார்த்துவிட்டோம். அவருடைய பழைய வேட்டி இரண்டைச் சேர்த்துத் தைத்தேன். ஒரு பக்கம் சன்ஷேடு மேல் கல் வைத்து, மறுபக்கம் இரண்டு மூங்கிலில் கட்டி ஏழடிக்கு நிறுத்தினார். அத்தை கோலமாவு எடுத்து வந்தார். நான் உள்ளே இருந்து மணி சொல்ல, பாப்பா நிழல் முடியும் இடத்தில் கோடு போட்டாள்.

3 மணி: சுவரிலிருந்து நாலரை அடி வரை நிழல்.
4 மணி: முக்கால் அடி.
5 மணி: ஒன்றுமில்லை. வெயில் வேட்டிக்கு அடியில் நுழைந்து நேராகச் சுவரில்.

பாப்பா நோட்டில் போட்டுக் காட்டினாள். நாலு மணிக்குச் சூரியன் 37 டிகிரி. ஏழு அடியை டான் 37-ஆல் வகுத்துப் பத்திலிருந்து கழி. கோலமாவுக் கோடும் கணக்கும் ஒன்றாக வந்தன. அவளுக்குச் சந்தோஷம். எனக்கு வயிறு கலங்கியது. அவ்வளவு காசைக் கொட்டி நாலு மணிக்கு முக்கால் அடி நிழலா.

முன்னால் ஐந்தடித் துணி தொங்கினால்? திரும்பப் போட்டாள். 4 மணிக்கு ஏழு அடிக்கு மேல் நிழல். 5 மணிக்கு ஐந்தடி. ஒரு நாற்காலிக்கும் ஒரு தையல் மெஷினுக்கும் அது போதும்.

ஆனால் தொங்கினால் எதிரே இருக்கும் மலை தெரியாது.

ஏப்ரல் 23, புதன்

விரல் கணுக்கள் வீங்கியிருக்கின்றன. கத்தரியைப் பிடிக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை வாசற்படிவரை வந்து நின்றேன், அதுதானோ. வெயில் பட்ட அன்று ஒன்றும் செய்யாது. நாள் கழித்துத்தான் வந்து கேட்கும்.

ஏப்ரல் 24, வியாழன்

காய்ச்சல். ஒன்றும் வேண்டாம். ஷீட்டே போடட்டும்.

ஏப்ரல் 25, வெள்ளி

ஷீட் வேண்டாம்.

கொட்டேஷன் வந்தது. முழுப் பெட்டி, மோட்டார், முன் திரை, காற்று சென்சார் எல்லாம் சேர்த்து 1,85,000. ஜி.எஸ்.டி. தனி. அவர் தாளை மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டார். ஷீட்டுக்கு முப்பத்தைந்தாயிரம் என்று ஏற்கெனவே விசாரித்து வைத்திருக்கிறார்.

"நெழல்தான வேணும் உனக்கு?"

நிழல் மட்டும் இல்லை. எனக்கு இரண்டும் வேண்டும். வெயில் இருக்கும்போது நிழல், வெயில் போனதும் ஆகாசம். இதை அவரிடம் சரியாகச் சொல்ல வரவில்லை. அழுகை வந்துவிட்டது. அழுதால் கன்னம் இன்னும் சிவக்கிறது.

ஏப்ரல் 27, ஞாயிறு

காலையில் அத்தை, யாரும் கேட்காமலே, முறம் புடைத்துக்கொண்டே பேச ஆரம்பித்தார். அவர் பிறந்த வீட்டில் மாசி முடிந்தால் வாசலில் தென்னந்தடுக்கு முடைந்து பந்தல் போடுவார்களாம். பூவரச மரத்துக் கால். வெயில் காலம் முழுக்க வீடே அதற்கடியில்தான். ஆனி பிறக்கும் முன்னே அவிழ்த்து அடுக்கிவிடுவார்களாம். "ஆடிக் காத்துக்கு அம்மியே நகரும், பந்தல் நிக்குமா? கழட்டற பந்தல்தான் பந்தல். உங்கப்பன் அப்படித்தான் போட்டாரு." கடைசி வரி என் வீட்டுக்காரருக்கு. மாமா பெயரை எடுத்தால் அவர் பேசமாட்டார்.

மத்தியானம் என்னிடம் வந்து, "மோட்டார் எந்தக் கம்பெனி?" என்று கேட்டார்.

ஏப்ரல் 30, புதன்

அட்சய திருதியை. ஊரே நகைக்கடையில். நாங்கள் ஆனிங்குக்கு அட்வான்ஸ் கொடுத்தோம். என் சீட்டுப் பணமும் அதில் இருக்கிறது. ஜாக்கெட் தைத்துச் சேர்த்தது.

நிறம்: அடர் சாம்பல். வெளிர் மஞ்சள் அழகாக இருந்தது, அரை மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெளிர் துணி வெளிச்சத்தை உள்ளே விடும், அடர்நிறம் கதிரைக் கூடுதலாகத் தடுக்கும் என்றார்கள். முன் திரைக்கு வலைத்துணி, நூற்றுக்கு ஐந்து பங்கு கண். மலை மங்கலாகத் தெரியுமாம். அந்த ஐந்து பங்கு வழியே வெயிலும் வரும். வரட்டும். முழுக்கை போட்டுக்கொள்கிறேன், க்ரீம் பூசிக்கொள்கிறேன். எப்படியும் டாக்டரம்மா அதை விடச் சொல்லவில்லை. நேர் வெயிலை மறைத்தாலும் ஆகாசத்திலிருந்து சிதறி வருவது இருக்கிறது என்கிறார்.

ஆகாசமும்தானா.

மே 4, ஞாயிறு

கத்திரி ஆரம்பம். மே 28 வரை. துணி இன்னும் வரவில்லை.

கன்னம்: சிவப்பு. மூக்கிலும்.

மே 6, செவ்வாய்

போன் செய்தேன். அடுத்த வாரம் என்றார்கள்.

மே 8, வியாழன்

பிளஸ் டூ ரிசல்ட். 541. கணக்கில் 97. பாப்பா என் மடியில் தலையை வைத்துக்கொண்டு அழுதாள், பிறகு சிரித்தாள். வாசல் வரை போய் எல்லோருக்கும் ஜாங்கிரி கொடுத்தேன், துப்பட்டாவை இழுத்து மூடிக்கொண்டு. இன்று ஒன்றும் வலிக்கவில்லை.

மே 10, சனி

போன் செய்தேன். எடுக்கவில்லை.

மே 12, திங்கள்

சித்திரா பௌர்ணமி. ஒன்பது மணிக்கு டைல்ஸ் இன்னும் சூடு. தண்ணீர் தெளித்தேன், அப்புறம் கோரைப்பாய். அத்தை சித்ரான்னம் எடுத்துவந்தார். நிலா உச்சிக்கு ஏறும் வரை படுத்திருந்தோம். கை, முகம், கழுத்து எல்லாவற்றையும் திறந்துவிட்டேன். இது சுடாத வெளிச்சம். எவ்வளவு வேண்டுமானாலும் படட்டும்.

அவரும் வந்து படுத்தார். வெகுநேரம் கழித்து, "ஷீட் போட்டிருந்தா இது இல்லைல்ல" என்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

மே 15, வியாழன்

அடுத்த வாரமாம் மறுபடியும். கத்திவிட்டேன். போனை வைத்த பிறகு கை நடுங்கியது. டாக்டரம்மாவின் மாத்திரை போட ஆரம்பித்ததிலிருந்து இப்படி. இல்லை, மாத்திரை இல்லை. நான்தான்.

மே 19, திங்கள்

எலக்ட்ரீஷியன் வந்தார். பின்கதவுக்கு மேலே தனி பாயின்ட். அதை இன்வெர்ட்டர் லைனில் போடச் சொன்னேன். எதற்கு என்றார். கரண்ட் போன நேரத்தில் காற்று அடித்தால் மோட்டார் துணியை எப்படி இழுக்கும்? யோசித்துவிட்டு, "சரியாத்தான் கேக்கறீங்க" என்றார். எர்த்தும் சரிபார்த்தார்.

நாளை மறுநாள் ஆனிங் மாட்ட வருகிறார்கள். தூக்கம் வராது.

மே 21, புதன்

காலை எட்டுக்கு வந்தார்கள். அதே தம்பி, கூட மூன்று பேர். பெட்டியை இறக்கும்போதே தெரிந்தது எடை. நாலு பேர் தூக்கி, கூடம் வழியாக, அத்தையின் ஊஞ்சலைக் கழற்றி, பின்னால் கொண்டுபோனார்கள்.

நான் சமையலறை ஜன்னலோரம், திரையை ஓரத்தில் நூலளவு விலக்கிக்கொண்டு.

முதல் ஓட்டை. தூள் வெள்ளையாக வந்தது, அது பூச்சு. பிறகு சாம்பல். தம்பி என் பக்கம் திரும்பிக் கட்டைவிரலைக் காட்டினான். சிவப்பாக வந்திருந்தால் செங்கல், வேறு இடம் பார்க்க வேண்டும். ஒவ்வொரு ஓட்டையிலும் பிரஷ் விட்டுத் தேய்த்து, பம்பால் ஊதி, தூளை முழுக்க எடுத்தான். ஒரு பொட்டுத் தூள் இருந்தாலும் பசை கான்கிரீட்டைப் பிடிக்காது, தூளைத்தான் பிடிக்கும் என்றான். பிறகு கெமிக்கல் பசையைப் பீய்ச்சி 12 மில்லி கம்பிகளைச் சுற்றிச் சுற்றி உள்ளே விட்டான். இறுகும் வரை யாரும் தொடக் கூடாது. டீ போட்டுக் கொடுத்தேன். அவசரப்படாமல் உட்கார்ந்து குடித்தார்கள். வேலையை மதிக்கிறவர்கள். அந்த ஒரு மணி நேரம் எனக்குப் பிடித்தது.

பெட்டியை மாட்டினார்கள். நீர்மட்டம் வைத்துப் பார்த்தார்கள், வலது பக்கம் ஒரு நூல் இறங்கியிருந்தது, கழற்றித் தகடு வைத்துத் திரும்ப மாட்டினார்கள். மடங்கிய கைகள் இரண்டும் பட்டை போட்டு இறுக்கிக் கட்டியிருந்தன. பாப்பா கிட்டப் போனாள், தம்பி அதட்டினான். உள்ளே ஸ்பிரிங் முறுக்கோடு இருக்கிறது, பட்டை அறுந்தால் கை விரிந்து ஆளை அடித்துவிடுமாம். போல்ட் எல்லாம் இறுக்கின பிறகுதான் அவிழ்த்தான், பக்கவாட்டில் நின்றுகொண்டு.

மோட்டார் எங்கே இருக்கிறது என்று தேடினேன். தெரியவே தெரியாது, துணி சுற்றும் உருளைக்குள்ளேயே இருக்கிறது. எங்கே வரை போக வேண்டும், எங்கே வந்து நிற்க வேண்டும் என்று இரண்டு எல்லையைப் பழக்கினார்கள். கரண்டும் இன்வெர்ட்டரும் இரண்டும் செத்தால் சுற்ற ஒரு நீளக் கொக்கிக் கம்பி. அதைக் கதவுக்குப் பின்னால் மாட்டினேன், அத்தைக்கும் எட்டும் உயரத்தில்.

முன்கம்பியின் உள்பக்கம் சின்னதாக ஒரு டப்பா, அதுதான் காற்று சென்சார். தம்பி கம்பியைப் பிடித்து உலுக்கினான். துணி தானாக உள்ளே போனது. யாரும் பட்டனைத் தொடவில்லை. அத்தை, "ஆத்தாடி" என்றார். இந்த ஆனிங் தாங்கும் காற்று வகுப்பு 2, அதாவது மணிக்கு 28 முதல் 37 கி.மீ. காற்று வரை. அதற்கு மேல் உள்ளே போய்த்தான் ஆக வேண்டும். பாலக்காட்டுக் கணவாயின் வாயில் உட்கார்ந்துகொண்டு சென்சாரை எடுக்காதீர்கள் என்றான். எடுக்கமாட்டேன்.

கிளம்பும்போது மணி ஆறு. நான் வெளியே போகவில்லை. சிமென்ட் வாசனை, பசை வாசனை. ராத்திரி எல்லோரும் தூங்கின பிறகு போய்ப் பெட்டியை அண்ணாந்து பார்த்தேன். அரை அடிகூட இல்லை. மேலே முழு ஆகாசமும் அப்படியே.

மே 22, வியாழன்

காலையில் பாப்பா ரிமோட்டை விடவில்லை. திற, மூடு, திற, மூடு. பாதியில் நின்றுவிட்டது. சத்தமில்லை. எனக்குக் கால் தளர்ந்துவிட்டது. போன் செய்தேன். "சூடாயிருக்குங்க்கா. இந்த மோட்டார் நாலு நிமிசம் ஓடறதுக்குத்தான். ஆற விடுங்க." ஆறவிட்டதும் ஓடியது. ரிமோட்டை வாங்கி என் தலையணைக்குக் கீழே வைத்தேன்.

மூன்றரைக்கு வெளியே போனேன். முழுக்கை, க்ரீம், தொப்பி. முன் திரையை இறக்கினேன். டைல்ஸ் மேல் கோரைப்பாய், வெயில் எகிறாமல் இருக்க.

உட்கார்ந்தேன்.

அனல் இருக்கிறது, நிழலிலும் காற்று சூடுதான். ஆனால் குத்தவில்லை. வலைக்கு அந்தப் பக்கம் மலை நீலமாக, அழுக்குக் கண்ணாடி வழியே பார்ப்பதுபோல். தவிட்டுக் குருவிகள் துவைக்கிற கல்லின் மேல். செம்பருத்திக்கு யாரும் தண்ணீர் விடவில்லை, இலை சுருண்டிருக்கிறது, இத்தனை நாள் எனக்குத் தெரியவில்லை. பகலில் என் வீட்டின் பின்சுவர் என்ன நிறம் என்றே மறந்திருந்தேன்.

அரை மணி நேரம். போதும் என்று நானே எழுந்து வந்தேன்.

மே 23, வெள்ளி

கன்னம்: நேற்றைப் போலவே. கூடவில்லை. மறுபடி கண்ணாடியில் பார்த்தேன். கூடவில்லை.

இன்று ஐந்து மணி வரை. ஜாக்கெட்டுக்குக் கையால் ஹுக் தைத்தேன். அரக்கு, மெரூன், இரண்டும் வேறு வேறு.

மே 24, சனி

கேரளாவில் பருவமழை தொடங்கிவிட்டதாம். வழக்கமாக ஜூன் 1. 8 நாள் முன்னால், 2009-க்குப் பிறகு இவ்வளவு சீக்கிரம் வந்தது இதுதானாம். மத்தியானம் திறந்தேன். காற்று. பத்து நிமிஷத்தில் தானாக மூடிக்கொண்டது. மறுபடி திறந்தேன். மூடிக்கொண்டது.

இரண்டு நாள்தான் உட்கார்ந்தேன். இரண்டே நாள்.

மே 25, ஞாயிறு

கோவைக்கும் நீலகிரிக்கும் சிவப்பு எச்சரிக்கை. கத்திரி முடியவே இல்லை, வானம் கறுத்துவிட்டது. கொழுந்தனார் போன் செய்தார், அவர் மாடி ஷீட்டில் ஓரம் ஒன்று பிய்ந்து இரவெல்லாம் தடதடவென்று அடித்துக்கொண்டதாம். பாவம், தூங்கியிருக்கமாட்டார்கள்.

எங்கள் துணி பெட்டிக்குள். ஒரு சத்தமில்லை. அவர் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து படுத்தார். நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

வெயில் இல்லை. ஆகவே நான் வெளியே நிற்கலாம். மேகம் இருந்தாலும் கதிர் வரும் என்பார்கள், தெரியும். இருந்தாலும் ஐந்து நிமிஷம் சாரலில் முகத்தைக் காட்டினேன். முழு ஆகாசத்தின் மழை.

மே 26, திங்கள்

மழை. காலையில் கொஞ்சம் விட்டதும் அவர் திறந்தார், உடனே கொட்டியது, காற்றும் சேர்ந்தது. ஈரத்தோடு உள்ளே போய்விட்டது. ஈரத் துணியைச் சுருட்டி வைத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா. பூஞ்சை. அவரிடம் கத்தினேன். சும்மா இருந்திருக்கலாம்.

மே 27, செவ்வாய்

மழை. உள்ளே துணி ஈரம். அதே நினைப்பு.

மே 30, வெள்ளி

காற்று விட்டது. காலை ஏழு மணிக்கு, வெயில் வருவதற்கு முன்னால், முழுக்கத் திறந்தேன். மேற்குச் சுவர், காலையில் நிழல்தான், ஆனாலும் காற்றோட்டம் போதும். ஸ்டூல் போட்டு அடிப்பக்கம் முழுக்கத் தடவிப் பார்த்தேன். வாடை இல்லை. புள்ளி இல்லை. தையல் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒரு இழை விடவில்லை. நல்ல நூல்.

பத்து மணிக்கு உலர்ந்துவிட்டது. பொங்கலுக்கு வெள்ளையடித்ததும் வருமே ஒரு திருப்தி, அது.

ஜூன் 2, திங்கள்

பள்ளி திறந்துவிட்டது, தெருவில் வேன் சத்தம். யூனிஃபார்ம் ஆல்ட்டர் செய்ய ஐந்தாறு பேர். வந்தவர்களில் ஒரு அக்கா உள்ளே எட்டிப் பார்த்து, "பின்னாடி என்ன புதுசா?" என்றார். திறந்து காட்டினேன். எவ்வளவு ஆச்சு என்று கேட்டார். சொன்னேன். "அவ்வளவா!" ஆமாம், அவ்வளவு. அவர் போன பிறகு கொஞ்ச நேரம் மனசு சரியில்லை. சீட்டுப் பணம் மறுபடி சேர இரண்டு வருஷம் ஆகும்.

நாலு மணிக்கு உட்கார்ந்ததும் சரியாகிவிட்டது.

ஜூன் 4, புதன்

வெயில் வலது பக்கமாக வர ஆரம்பித்திருக்கிறது. ஏப்ரலில் நேரே எதிரே இறங்கிய சூரியன் இப்போது மருதமலைப் பக்கம் போய் இறங்குகிறது. திரைக்கும் சுவருக்கும் நடுவில், வலது ஓரத்தில், மூன்று நாலு அடிக்கு வெயில் பட்டை. பாப்பா சொன்னாள், ஜூன் 21 வரை இன்னும் தள்ளும், அப்புறம் திரும்பி வரும். நாற்காலியை இடது ஓரத்துக்கு மாற்றினேன். பக்கத்துக்கு ஒரு திரை வேண்டும் என்று அவர் அந்த ஆனிங் தம்பிக்குப் போன் செய்கிறார். நான் ஒன்றும் கேட்கவில்லை, அவரேதான்.

சென்சாரைக் கொஞ்சம் தளர்த்திவிடச் சொல்லவா, அடிக்கடி மூடிக்கொள்கிறதே என்றார். வேண்டவே வேண்டாம் என்றேன். ஆனி, ஆடி இரண்டும் இனிமேல்தான். மூடட்டும். திறந்துகொள்ளலாம்.

கன்னம்: இடது லேசாக. வலது இல்லை.

ஜூன் 6, வெள்ளி

மெஷினை வெளியே கொண்டுவந்தோம். அவர் ஒரு பக்கம், பாப்பா ஒரு பக்கம். டைல்ஸில் ஒரு கால் ஆடுகிறது, அட்டையை மடித்து வைத்தேன். உள்ளேயிருந்து எக்ஸ்டென்ஷன் ஒயரை இழுத்து மெஷின் மோட்டாருக்குக் கொடுத்திருக்கிறது, அத்தை தடுக்கிவிடுவார். கீழே ஒரு ப்ளக் பாயின்ட் வேண்டும், எலக்ட்ரீஷியனுக்கு நாளைக்கே சொல்ல வேண்டும்.

மூன்றே முக்காலிலிருந்து ஐந்தே கால் வரை. பட்டு ஜாக்கெட் ஒன்று, லைனிங்கோடு. கை அளவு கொஞ்சம் இறுக்கம், நாளைக்குப் பிரித்து அரை அங்குலம் விட வேண்டும். வைகாசி முகூர்த்தம் இன்னும் மூன்று பேருடையது பாக்கி.